உப்புக்குப் பதில் ஏழு குப்பி

அக்டோபர் 4, சனி

காலையில் நல்ல வெயில். எட்டு மணிக்கே தட்டுகளை மாடிக்கு ஏற்றிவிட்டேன். மூன்று மணிக்கு மேல் இடி வரும். அதற்குள் காய்வது காயட்டும்.

இன்றைய தட்டுகள்:
காரட் – 2
கோஸ் – 2
உள்ளி – 1
இஞ்சி – 1
இரும்பன் புளி – 4
கறிவேப்பிலை முறத்தில், நிழலில்.

காரட்டையும் கோஸையும் நறுக்கி, வேகவிட்டு, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவிட்டு, மறுபடி கொட்டி, அதற்கப்புறம்தான் வெயில். கிட்னிக்காரருக்குக் காய் வெந்த தண்ணீர் ஆகாது. இரும்பன் புளியை மட்டும் வேகவிடவில்லை. வேகவிட்டால் புளிப்பு அத்தனையும் தண்ணீரோடு போகும். பிறகு அந்தச் சக்கை யாருக்கு? நாலாகக் கீறி அப்படியே தட்டில். இரண்டு வெயில் பட்டால் கருத்துச் சுருண்டுவிடும், விரலால் ஒடிக்கலாம். பிறகு மிக்சி.

இது இரண்டாம் ஈடு. முதல் குப்பி மூன்று வாரத்தில் அடிக்கு வந்துவிட்டது. காலி செய்தது அவர். எழுதி வைக்க வேண்டிய விஷயம்: மூன்று வாரமாக என் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார்.

உப்பை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. இருபத்தெட்டு வருஷம் வெள்ளறடை ரூட்டில் பஸ் ஓட்டிய மனுஷன். வழியில் எந்தக் கடையில் எந்த மீன்கறி நல்லது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் முன்னால் உப்பில்லாத சோறும் உப்பில்லாத பயறும் வைத்தால் என்ன நடக்கும்? ஆகஸ்டில் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டார். "ஏட்டி எஸ்தரே, இதுக்கு மண்ணைத் தின்னலாம்." எட்டு கிலோ குறைந்தார். பிள்ளைகளும் இல்லை எங்களுக்கு. இந்த ஒரு ஆள்தான். நான் தினமும் அழுதுகொண்டு சமைத்தேன், கேட்டால் உள்ளி வெட்டுகிறேன் என்று சொன்னேன். பிறகு செல்போனில் ஒரு பெண் காய்களைக் காயவைத்துப் பொடிப்பதைப் பார்த்தேன். சரி, உப்பு வேண்டாம், ருசி வேறு வழியாக வரட்டும் என்று இறங்கினேன்.

இப்போது ஏழு குப்பி. மேலே பிளாஸ்டர் ஒட்டி, தமிழில் பெயர். இந்தத் தெருவிலேயே தமிழ் வாசிக்க நான் ஒருத்திதான். அவர் படித்தது மலையாளம். நான் மார்த்தாண்டத்துக்காரி, கேரளத்துக்குக் கட்டி வந்தவள். மலையாளம் பேசுவேன், மலையாளத்தில் சண்டையும் போடுவேன், வாசிக்க மட்டும் வராது.

ஏழாவது குப்பிதான் இரும்பன் புளி. அவருடைய அக்கா தங்கம், எனக்கு மைனி, அதியன்னூரில் வீடு. அங்கே நிற்கிறது மரம். விரல் நீளப் பச்சைக் காய், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும், கடித்தால் பல் கூசும். "சும்மா வீழ்ந்து அழுகுது, கொண்டு போ" என்று மைனி ஒரு சாக்கு தந்தார். டாக்டரம்மா போன தடவை சொன்னது, அவருக்கு ரத்தத்தில் இரும்பு குறைவு. பெயரிலேயே இரும்பு இருக்கிற புளி, அதுவும் சும்மா கிடைக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் சொன்னேன், "இரும்பன் புளியாக்கும் இது. ரத்தம் ஊறும்." சிரித்தார். "ஊறும் ஊறும்."

மூன்று நேரமும் ஒரு ஸ்பூன். கஞ்சியில், பயறில், மீனில்.

3.20க்கு இடி. ஓடினேன். இரண்டு தட்டு நனைந்தது. நல்லவேளை, காரட்.

அக்டோபர் 5, ஞாயிறு

மூடிக்கட்டிய வானம். தட்டுகள் அடுக்களையில், பல்பு போட்ட பெட்டிக்குள். கரண்ட் இரண்டு தடவை போயிற்று.

ஆராதனைக்குத் தனியாகப் போனேன். அவருக்குக் காலையிலிருந்து விக்கல். எனக்குப் பின்பெஞ்சில் யாரோ யாரிடமோ சொன்னது: "எஸ்தருக்க முகத்தில இப்பம் ஒரு தெளிச்சம் உண்டு, கேட்டியா." கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வந்து பார்த்தால் முற்றத்தில் வாந்தி. காலில் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது. மூத்திரமும் சரியாகப் போகவில்லையாம், நேற்றிலிருந்து.

"நேத்தே சொன்னா என்ன?"
"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுப்ப."

குமட்டலுக்குப் புளிப்பு நல்லது என்று கஞ்சியில் இரண்டு ஸ்பூன் பொடி போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. லேப். கிட்னி கெட்டால் ஏறுகிற அந்தக் கிரியாட்டினின் (ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுத முடியாது, இனி கி.) ஒரு வருஷமாக 3.2, 3.1, 3.3 என்று ஒரே இடத்தில் நின்றது. இன்று 8.1.

லேப் பெண் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள், "சேச்சி, இன்னைக்கே போணும்."

குடை ஆட்டோவில் போயிற்று.

அக்டோபர் 8, புதன்

நெய்யாற்றின்கரை. ஆஸ்பத்திரி. எழுதுவது வராந்தாவில், மத்தியானம்.

காலையில் கழுத்தில் குழாய் போட்டார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டுத்தான். மூன்று மணி நேரம் டயாலிசிஸ் மெஷின். உள்ளே போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். ரத்தம் குழாயில் போவதும் வருவதும் தெரிகிறது. அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எப்போதும் பார்க்கிற டாக்டரம்மாதான், சின்ன வயசு. மலையாளத்தில் கேட்டார், நாட்டு மருந்து, பச்சை மருந்து, வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுச் சாப்பாடு மட்டும்."

இவ்வளவு சட்டென்று ஏறக் காரணம் வேண்டும், அது தெரிந்தால்தான் அடுத்தது என்ன என்று சொல்ல முடியும் என்றார். அவர் என்ன சாப்பிடுகிறாரோ எல்லாவற்றையும் நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மூத்திரம்: 110 மில்லி, ஒரு முழு நாளுக்கு. ஒரு சாயா கிளாஸ் கூட நிறையாது.

ஆண்டவரே, இது உமக்கு நல்லதா?

அக்டோபர் 9, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

ஏழு குப்பியையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ். ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்கவில்லை. காதில் விழுந்தது.

"எனக்க மச்சினனாக்கும். கொலஸ்ட்ராலுக்கு நல்லதுன்னு ஆரோ சொல்லி, இரும்பன் புளி அடிச்சுச் சாறு குடிச்சான். ரெண்டு வாரம். கிட்னி ரெண்டும் அடைச்சுப் போச்சு. சாதா புளி மக்கா. ஆரு நினைப்பா?"

பை என் மடியில் இருந்தது. குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நர்ஸ் பெண் குப்பிகளை வரிசையாக மேசையில் எடுத்து வைத்தாள். பிளாஸ்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தமிழா? சேச்சி வாசிச்சோ, ஞான் எழுதாம்."

வாசித்தேன். காரட். கோஸ். உள்ளி. வெள்ளைப்பூண்டு. இஞ்சி. கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் அவள் மலையாளத்தில் எழுதினாள். ஏழாவதை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். என் கையெழுத்து. இரும்பன் புளி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்த ஆள் நான் மட்டும்.

"மல்லி" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அரை நிமிஷம் கூட இல்லை. எதற்காகச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது. வாய் யாருடையது?

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டாவது மெஷின். கி. 6.4, ஆனால் அது மெஷின் இறக்கியது, கிட்னி இறக்கியது இல்லையாம். மூத்திரம் 90.

கான்டீன் பில்லின் பின்னால் கணக்குப் போட்டேன். மைனி தந்ததில் முதல் ஈட்டுக்கு மூன்று கிலோ வெட்டினேன். தட்டு தட்டாகப் பரப்பினேன். பொடித்தால் ஒரே ஒரு காப்பித்தூள் குப்பி, அதுவும் கழுத்து வரை இல்லை. அன்றைக்கு எனக்கு வருத்தம், இவ்வளவு காய்க்கு இவ்வளவுதானா என்று. இப்போது திருப்பிக் கணக்குப் போட்டால், ஒரு ஸ்பூனுக்கு நாலு காய், ஐந்து காய். மூன்று நேரம். நாளுக்குப் பதினைந்து காய். எந்தப் பைத்தியக்காரன் நாளுக்குப் பதினைந்து இரும்பன் புளி கடித்துத் தின்பான்? கறியில் இரண்டு போட்டாலே நாக்கு தாங்காது. தண்ணீர் போனதும் சின்னதாகிவிட்டது என்று நினைத்தேனே. தண்ணீர் மட்டும்தானே போயிற்று. மற்றதெல்லாம் அப்படியே குப்பிக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்பூன் போட்டேன். வாந்தி எடுத்த ஆளுக்கு.

காலை முழுவதும் எனக்கு நானே வக்கீல். சொன்னால் மட்டும் கிட்னி திரும்பி வருமா? வராது. மெஷின் போடுகிறார்கள்தானே, அதுதானே வைத்தியம்? பிறகு சொல்லி என்ன? மைனி என்னைத் தெருவில் நிறுத்துவார். என் வீட்டுக்காரர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? எல்லாப் பாயிண்டும் சரிதான். ஆனால் டாக்டரம்மா வேறு எதையெதையோ தேடிக்கொண்டிருக்கிறார். இன்று ஒரு ஸ்கேன், ரத்தம் மூன்று டியூப். நாளைக்கு ஒரு புது மருந்து தொடங்கலாமா என்று பார்க்கிறார்களாம். நான் மல்லி என்று சொன்னதால் ஒரு மனுஷனை வேறு வியாதிக்குக் குத்துகிறார்கள்.

பிளாஸ்க் மூடியைக் காணவில்லை. இரண்டு கட்டில் தள்ளி ஒரு பெண்ணிடம் அதே மாதிரி மூடி. கேட்க வாய் வரவில்லை. நான் யாரிடம் என்ன கேட்க.

அக்டோபர் 11, சனி

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்து வராந்தாவில் வரும்போது வழி மறித்தேன். "டாக்டர், அது மல்லி இல்ல. ஏழாமத்தது. இரும்பன் புளியாக்கும்." பாதி தமிழ், பாதி மலையாளம், மூக்கு வேறு ஒழுகிற்று.

அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை ஸ்பூன், எத்தனை நாள், வெறும் வயிற்றிலா, வேகவைத்ததா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். அந்தப் புளியில் இருக்கிற ஒன்று கிட்னிக்குள் போய் உப்புக்கல் மாதிரி படிந்து அடைத்துவிடுமாம். நல்ல கிட்னியே தாங்காதாம். சாறு குடித்துத்தான் ஆட்கள் வருவார்கள், பொடியாக்கிக் கொடுத்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். புது மருந்தை நிறுத்தச் சொல்லி நர்ஸிடம் எழுதிக் கொடுத்தார்.

"நேரத்தே பறஞ்ஞிருந்நெங்கில்…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். முன்னாலேயே சொல்லியிருந்தால். அவர் முடிக்காவிட்டாலும் எனக்கு முடிக்கத் தெரியும்.

பிறகு கேட்டார், நாங்கள் தந்த சாப்பாட்டுப் பேப்பரில் இது இருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா என்று.

"இல்ல டாக்டர். அதில இல்ல."
"உண்டு."
"இல்ல. எனக்க லிஸ்டுல இல்ல. எனக்கு மனப்பாடமாக்கும்."

நிஜமாகவே மனப்பாடம். போன வருஷம் பேப்பர் தந்த அன்றே, வீட்டு மேசையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் மலையாளத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். ஆகாதது என்று தலைப்புப் போட்டு இருபத்திரண்டு சாமான். பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அதில் ஒன்றைக்கூட நான் இந்த ஒன்றரை வருஷம் வீட்டுக்குள் ஏற்றவில்லை. டாக்டரிடமே வாதாடிவிட்டு வந்தேன். கொலையும் செய்துவிட்டு வாயும் பேசுகிறேன்.

மூத்திரம் 80.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேப்பரையும் என் லிஸ்டையும் எடுத்து வந்தேன்.

அதே நர்ஸ் பெண். மல்லி என்று எழுதியவள். விஷயம் அவளுக்குத் தெரியும், முகத்தில் காட்டவில்லை, தங்கமான பிள்ளை. பேப்பரில் விரல் வைத்து அவள் வாசிக்க வாசிக்க நான் என் லிஸ்டில் டிக் போட்டேன். வாழைப்பழம். மாங்காய். இளநீர். தக்காளி. கிழங்கு. முருங்கை இலை. ஊறுகாய். பப்படம்.

"இரும்பன் புளி, நட்சத்திரப் பழம்" என்றாள்.

"நில்லு மக்கா. மறுபடி வாசி."

மறுபடி வாசித்தாள். பப்படத்துக்குக் கீழே, கருவாட்டுக்கு மேலே. ஒரு முழு வரி. என் லிஸ்டில் பப்படம், அடுத்தது கருவாடு. நடுவில் ஒன்றுமில்லை.

அவருக்குச் சர்க்கரைக் கண், மங்கல். ஒரு வரி தாண்டியிருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

கட்டிலுக்குப் போய் அவரிடம் பேப்பரைக் காட்டினேன். "இஞ்ச பாருங்க. இந்த வரி விட்டுப் போச்சு." நான் புளியைப் பற்றி டாக்டரிடம் சொன்னது அவருக்கு நேற்றே தெரியும். நான் விரல் வைக்கும் முன்னாலேயே பார்வை நேராக அந்த வரிக்குப் போயிற்று. கண்ணாடி கூடப் போடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடி போடாத ஆளுக்கு எந்த வரி என்று எப்படித் தெரிந்தது?

அக்டோபர் 13, திங்கள்

மூன்றாவது மெஷின். மழை இல்லை. வெயில். மாடியில் ஒரு தட்டும் இல்லை.

மெஷின் முடிந்து, விடாமல் வந்துகொண்டிருந்த விக்கல் நின்றதும் அவராகச் சொன்னார்.

"கண்டேன்."
"என்னத்த?"
"அந்த வரிய. அன்னைக்கே கண்டேன். வாசிக்கல்ல."

அவரே சொன்னார்.

"நீ எழுதிட்டே போன. பழம் போச்சு. எளநி போச்சு. கிழங்கு போச்சு. ஊறுகாய் போச்சு. ஒண்ணாவது கெடக்கட்டும்னு விட்டேன். மீன்கறியில ரெண்டு காய் கெடந்தா என்ன செய்யும்னு."

"பின்னே நான் தட்டு தட்டா காயப் போட்டப்பம்?"

"நீ அம்புட்டு சந்தோஷமா கொண்டு வந்த. ரத்தம் ஊறும்னு சொன்ன. நான் என்னத்த சொல்ல?"

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல் இருந்தது. கழுத்தில் குழாய் போட்ட மனுஷனை. ஒன்றரை வருஷம் ஒரு உப்புக்கல் என் நாக்கிலும் படவில்லை, அவர் தின்னாததை நானும் தின்னவில்லை. வெந்ததைக் கொட்டி, கொட்டினதை மறுபடி வேகவிட்டு, கை வெந்து, மாடிப்படி ஏறி இறங்கி முட்டி போயிற்று. இருபத்திரண்டு சாமானுக்குக் காவல் நின்றேன். இருபத்து மூன்றாவதை இந்த ஆள் தெரிந்தே என் கையால் ஊட்ட வைத்திருக்கிறார். தெரிந்தே. ஊறும் ஊறும் என்று சிரித்தார்.

"நான் வாசிக்கத் தெரியாதவ. உங்களுக்க கண்ணையாக்கும் நம்பினேன்" என்றேன். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஏறவில்லை. திரும்பி வந்தேன். சாயா குடித்தேன். அதில் சர்க்கரை இல்லை, கேட்கவும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

இரண்டு நாளாக நாங்கள் பேசவில்லை. கஞ்சி வைப்பேன், குடிப்பார், பாத்திரம் எடுப்பேன். நாலாவது மெஷின். மூத்திரம் 70, நேற்று 75. டாக்டரம்மா அந்தக் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார்.

மெஷின் நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். பஸ் நிறைய மார்த்தாண்டம் ஜவுளிப் பைகள், அடுத்த வாரம் தீபாவளி. முன்சீட்டில் இரண்டு பெண்கள் ஒரு சுடிதாரின் கழுத்து அகலத்தைப் பற்றி நெய்யாற்றின்கரையில் தொடங்கி வீடு வரை பேசினார்கள். எனக்கு அவர்களை நிறுத்தவும் மனசில்லை.

ஏழு குப்பியையும் கவிழ்த்துவிட்டேன். மற்ற ஆறும் என்ன பாவம் செய்தது என்று ஒரு நிமிஷம் தோன்றிற்று. தோன்றினால் தோன்றட்டும். பல்புப் பெட்டிக்குள் இரண்டாம் ஈடு இன்னும் கிடந்தது, பூசணம் பூத்து. கோழிக்குப் போடப் பயம். வாழை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். கை கழுவினேன். முகர்ந்து பார்த்தால் இஞ்சியும் உள்ளியும் புளிப்பும் சேர்ந்த வாசம். நல்ல வாசம். அதுதான் தாங்க முடியவில்லை. தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எந்தா எஸ்தரே, சாருக்கு அசுகம் கூடுதலா?" என்றாள். இல்லை, உள்ளி என்றேன். பழக்கம்.

அவர் செத்துப்போனால் நான் கொன்றேன் என்பதா, அவர் தின்றார் என்பதா? பிழைத்தால்? பிழைத்தால் இந்த ஆளோடு எப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்காருவேன்? இரண்டையும் யோசித்தேன். இரண்டில் பிழைப்பதுதான் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் அதுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் தூறல். ஐந்தாவது மெஷின்.

டாக்டரம்மா இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். மூன்று மாதம் வரை பார்க்கலாம். சிலருக்குத் திரும்பி வரும், நல்ல கிட்னியாக இருந்தவர்களுக்கு. இவருடையது முன்னாலேயே பாதிக்கு மேல் போனது. "எனிக்கு பிரதீக்ஷ குறவாணு" என்றார். நம்பிக்கை குறைவு என்று. மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு இந்த டாக்டரம்மாவைப் பிடித்திருக்கிறது. முதல் நாளே இவரிடம் நான் உண்மை சொல்லியிருக்கலாம்.

பதினொரு மணிக்கு மைனி வந்தார். விஷயம் எப்படியோ அதியன்னூர் போயிருக்கிறது. கட்டில் கால்மாட்டில் நின்று, கையில் பர்ஸ், ஈரக்குடை தரையில் சொட்டுகிறது.

"நான் மீன்கறிக்குத் தந்தேன். பொடிச்சு முந்நேரமும் கொடுன்னா தந்தேன்? ஆருக்க புத்தி இது?"

"எனக்க" என்றேன்.

அதே நேரத்தில் கட்டிலிலிருந்தும் "எனக்க" என்று வந்தது.

மைனி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். குடையை மூலையில் சாத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். பிறகு மரத்தை வெட்டிவிடுவதாகச் சொன்னார். மரம் என்ன செய்தது என்றார் அவர். நாலு நாளில் அவர் இவ்வளவு பேசியது இதுதான்.

மத்தியானம் நர்ஸ் பெண் ஒரு அட்டை கொண்டுவந்தாள். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம், இனி மெஷினுக்கு வரவேண்டிய அட்டை. முழுக்க மலையாளம். நான் அவளையே வாசிக்கச் சொல்லலாம் என்று கை நீட்டினேன்.

"ஏட்டி. இஞ்ச தா."

கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். நோட்டை எடுத்தேன், இந்த நோட்டுதான். எழுந்து சாய்ந்து உட்கார்ந்து தொடங்கினார். பெயர். வயசு. வீட்டுப்பெயர். அட்டை நம்பர். திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணி. பத்து நிமிஷம் முன்னாலே வரணும். கூட ஒரு ஆள் வரணும். செருப்பு வெளியில போடணும். அட்டை தொலைஞ்சா ஆபீஸில சொல்லணும். அச்சடித்த இடத்தின் பெயரைக்கூட வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்தார். நான் எழுதும்வரை விரலை எடுக்கவில்லை.

"அம்புட்டுதானா?"

"இல்ல. அடியில ஒண்ணு உண்டு. மெஷின் முடியும் தேதின்னு போட்டு ஒரு கோடு." கண்ணாடியைக் கழற்றினார். "அதில ஒண்ணும் எழுதல்ல."

அதையும் எழுதிக்கொண்டேன்.